ஒரு கிரவுண்டில் பத்து வீடு ஏன் அடங்காது?

கேள்வி: சென்னைப் புறநகரில் 40-க்கு 60 அடி மனை (2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு) இருக்கிறது, 30 அடி சாலை. தலா 500 சதுர அடியில் பத்து வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விட நினைக்கிறேன். பில்டர் ஆறுக்கு மேல் முடியாது என்கிறார். எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) இரண்டுதானே?

பில்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ 2. உங்கள் 2,400 சதுர அடிக்கு 4,800. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் அதற்குள்தான். ஆனால் உங்கள் மனையை இறுக்குவது எஃப்எஸ்ஐ அல்ல, செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடம்.

உதாரணமாக முன்னால் 10 அடி, மற்ற மூன்று பக்கமும் 5 அடி விட்டால் மிஞ்சுவது 30-க்கு 45, அதாவது 1,350 சதுர அடி. படி, லிஃப்ட் போக ஒரு தளத்தில் 500 சதுர அடி வீடு இரண்டுதான். தரைத்தளம் பார்க்கிங்குக்குப் போய்விடும். மேலே மூன்று தளம், ஆறு வீடு. மொத்தம் 4,050 சதுர அடிதான். அனுமதித்த 4,800-ஐயே தொடவில்லை.

நான்காவது தளம் ஏற்றலாமே என்றால், உயரம் கூடக் கூட செட்பேக்கும் கூடும், தளம் சுருங்கும். 14 மீட்டர் உயரம், 8 வீடு, 750 சதுர மீட்டர் பரப்பு, இதில் எதைத் தாண்டினாலும் பணிநிறைவுச் சான்று வாங்காமல் மின் இணைப்பு கிடைக்காது. ஒரு கார் நிறுத்த இரண்டரைக்கு ஐந்து மீட்டர் வேண்டும். தரைத்தளத்தில் தூணும் படியும் போக, ஆறு வீட்டுக்கும் ஆறு கார் நிறுத்துவதே சிரமம்.

பிரீமியம் எஃப்எஸ்ஐ (அரசுக்குக் கட்டணம் கட்டி வாங்கும் கூடுதல் எஃப்எஸ்ஐ) வாங்கச் சொல்லி யாராவது வந்தால் அவசரப்படாதீர்கள். 9 மீட்டர் சாலைக்கு 30 சதவீதம், அதாவது 1,440 சதுர அடி கூடுதல். அதை வைக்க உங்களிடம் இடமில்லை. 30 அடி என்பது 9.14 மீட்டர், 28 அடியாக அளந்தால் அந்தச் சலுகையும் கிடையாது. வாசலில் மட்டுமல்ல, பெரிய சாலையில் சேரும்வரை சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

நில விலை 2.4 கோடி என்றால், 4,800 கட்ட முடிந்தால் சதுர அடிக்கு 5,000 ரூபாய் நிலச் செலவு. 4,050 என்றால் ஏறக்குறைய 5,926. எஃப்எஸ்ஐயை 1.5-லிருந்து 2-க்கு உயர்த்தியும் சிறு மனைகளில் வாடகை குறையாததற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்து மனைக்காரர் சம்மதித்தால் இரண்டையும் சேர்த்து ஒரே வரைபடமாகப் போடுங்கள்: நடுவே வீணாகும் 10 அடி தளத்துக்குள் வந்துவிடும்.