வீட்ல பிள்ளைங்க படிப்பு – கேளுங்க, சொல்றேன்

வணக்கம்ங்க. 20 வருஷத்துக்கு மேல கவர்மென்ட் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், முதல்ல சின்ன கிளாஸ், இப்ப ஹைஸ்கூல்ல கணக்கு. கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

மேடம், பையன் நாலாவது. புக்க எடுன்னு சொன்னாலே தண்ணி தாகம், பாத்ரூம்னு எந்திரிச்சிடுறான். ரெண்டு அடி போட்டாத்தான் உக்கார்றான்.

அடிக்காதீங்கம்மா. ஸ்கூல்லயே அடிக்கக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது, வீட்ல அடி வாங்கினா புக்க பாத்தாலே அந்த அடிதான் ஞாபகம் வரும் அவனுக்கு. ஸ்கூல் விட்டு வந்ததும் ஏதாவது சாப்ட்டு தெருவுல போய் நல்லா விளையாடட்டும். ஆறரைன்னா தினமும் ஆறரை, அந்த நேரம் மட்டும் மாறவே கூடாது. தண்ணி பாட்டில் பக்கத்துல, பென்சில் சீவி ரெடியா, பாத்ரூம் போய்ட்டு வந்து உக்காரணும். 20 நிமிஷம் போதும், அப்புறம் விட்ருங்க. விட்டாத்தான் நாளைக்கும் உக்காருவான்.

டீச்சர், பொண்ணு டென்த். நைட்டு 12 வரை படிச்சிட்டு காலைல 4 மணிக்கே எந்திரிக்கிறா. ஆனா டெஸ்ட்ல எல்லாம் மறந்துபோச்சுன்னு அழறா.

பாவம் பிள்ளை, அவ்ளோ கஷ்டப்பட்டும் பலன் இல்லன்னா அழத்தானே செய்வா. என்ன நடக்குதுன்னா, அஞ்சு தடவை வாசிச்சா பாடம் பழகிடும், பழகினத தெரிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்குறாங்க. 2006ல அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வச்சு சோதிச்சு பாத்தாங்க, திரும்பத் திரும்ப வாசிச்சவங்கள விட பாக்காம எழுதிப் பாத்தவங்களுக்குத்தான் ஒரு வாரம் கழிச்சு அதிகம் ஞாபகம் இருந்துச்சு. அதனால ஒரு பக்கம் வாசிச்சதும் புக்க மூடிட்டு ரஃப் நோட்டுல எழுதச் சொல்லுங்க, விட்டுப்போனத மட்டும் திரும்ப பாக்கட்டும், அதே பாடத்த மறுநாள் ஒருக்கா, மூணு நாள் கழிச்சு ஒருக்கா, அடுத்த வாரம் ஒருக்கா. முதல்ல பாதிதான் வரும், பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. இன்னொண்ணு, அந்த வயசுக்கு எட்டு மணி நேரமாவது தூங்கணும். 4 மணிக்கு எந்திரிச்சே ஆகணும்னா 8 மணிக்கே படுக்க விடுங்க, இல்லன்னா 10 மணிக்கு படுத்து 6 மணி வரை தூங்கட்டும்.

அக்கா, நானும் வீட்டுக்காரரும் அஞ்சாவதுக்கு மேல படிக்கல. பொண்ணு ஆறாவது, இங்கிலீஷ் மீடியம். நாங்க என்னத்த சொல்லிக்குடுக்க?

நீங்க சொல்லிக்குடுக்க வேணாம் தங்கச்சி, அவள உங்களுக்கு சொல்லித் தர சொல்லுங்க. என்கிட்ட படிச்ச ஒரு பையனோட அம்மாவுக்கு கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். தினமும் காய் நறுக்கும்போது அவன பக்கத்துல உக்கார வச்சு "இன்னைக்கு என்னடா நடத்துனாங்க"ன்னு கேப்பாங்க, எங்க திக்குறானோ அங்க "எனக்கு புரியலடா, இன்னொரு தடவை சொல்லு"ம்பாங்க. மறுநாள் அவன் அந்த இடத்த சரியா என்கிட்ட வந்து கேப்பான். அந்த அம்மா அளவுக்கு யாரும் பாடம் நடத்தி நான் பாத்ததில்ல, மனசார சொல்றேன். நம்ம ஸ்கூல் புக்குல க்யூஆர் கோடு இருக்கும், தீக்‌ஷா ஆப்ல ஸ்கேன் பண்ணா பாட வீடியோ வரும், அதையும் சேர்ந்து பாருங்க.

ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினா சைக்கிள்னு சொல்லிட்டேன். தப்பா?

சொல்லிட்டீங்கல்ல, வாங்கிக் குடுத்துடுங்க, ரேங்க் வராட்டியும். இனிமே ரேங்க்குக்குன்னு எதுவும் பேசாதீங்க, தினமும் உக்காந்தானா இல்லையான்னு மட்டும் பாத்து பாராட்டுங்க.

எங்களுக்கு ஒரே ரூம் வீடு டீச்சர். டிவி, போன், மாமியார் சீரியல் எல்லாம் அங்கயேதான்.

மாமியார்கிட்ட நீங்க கேக்காதீங்க, பேரன விட்டு கேக்கச் சொல்லுங்க, "பாட்டி, அரை மணி நேரம் டிவிய ஆஃப் பண்றீங்களா"ன்னு. அந்த அரை மணி நேரம் வீட்ல இருக்கிற எல்லா போனும், உங்களோடதும்தான், சமையல் மேடை மேல போயிடணும்.