ஸ்டோரேஜ் பெட்டிக்கு எந்தச் சுங்கக் கோடு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கேன்வாஸ் துணியில் மடித்து வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டிகள் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம். உள்ளே அட்டை இருக்கும், மூடி கிடையாது. இதுவரை 6307 என்ற சுங்கக் கோடில் (வரி போடுவதற்கான பொருள் எண்) போய்க்கொண்டிருந்தது. இப்போது ஜிப் மூடியும் கைப்பிடியும் வைத்து ஒரு மாடல் செய்தோம், அதற்கு 4202 வரும் என்று பையர் பயமுறுத்துகிறார். அதே துணி, அதே தையல், ஏன் மாற வேண்டும்? – ஒரு வாசகர், கரூர்

பதில்: மாற வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் மாற வாய்ப்பு இருக்கிறது. உலகம் முழுக்கச் சுங்கத்துறைகள் பின்பற்றும், பொருள்களை எண் போட்டு வகைப்படுத்தும் எச்.எஸ். (ஹார்மோனைஸ்டு சிஸ்டம்) பட்டியலில் 97 அத்தியாயங்கள் இருக்கின்றன, அதில் 'வீட்டில் பொருள் போட்டு வைக்கும் சாமான்' என்று ஒரு அத்தியாயமே கிடையாது. அதனால் அட்டையில் நீங்கள் ஸ்டோரேஜ் பாக்ஸ் என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் அதிகாரி அதைக் கண்டுகொள்ள மாட்டார். எதனால் செய்தது, எங்கே வைப்பது, கையில் எடுத்துக்கொண்டு போகிற சாமானா என்பதைத்தான் பார்ப்பார்.

6307 என்பது வேறெங்கும் சேராத, தைத்து முடித்த துணிச் சாமான்களுக்கான இடம். 4202 என்பது சூட்கேஸ், பயணப்பை, நகைப்பெட்டி, கேமரா உறை வகையறா, 'அவை போன்ற கொள்கலன்கள்' என்று ஒரு வாலும் உண்டு. சண்டையெல்லாம் அந்த வாலில்தான். 1995-இல் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டோட்ஸ் நிறுவனத்தின் வழக்கு வந்தது. கார் டிக்கியில் கருவி, ஆயில் டப்பா எல்லாம் அடுக்க ஒரு பெட்டி. கம்பெனி இதைக் கார் உதிரிப் பொருள் என்றது, அதற்கு வரி 3.1 சதவீதம். சுங்கத்துறை 4202 என்றது, அப்போது 20 சதவீதம். நீதிமன்றம் சுங்கத்துறை பக்கம் நின்றது. ஒழுங்குபடுத்துவது, சேமிப்பது, பாதுகாப்பது, எடுத்துச் செல்வது, இந்த நான்கும்தான் 4202 பொருள்களின் பொதுக் குணம் என்று சொன்னார்கள். இன்றும் ஒவ்வொரு தீர்ப்பிலும் இந்த நாலு சொற்கள் வந்துவிடும்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வாருங்கள். மூடி இல்லாமல் அலமாரித் தட்டில் கிடப்பது பெரிதாக எதையும் பாதுகாப்பதும் இல்லை, தூக்கிக்கொண்டு போவதற்கும் இல்லை. ஜிப் போட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது, கைப்பிடி வைத்தால் பயணமும் வந்துவிட்டது என்று வாதிட இடம் கொடுக்கிறீர்கள். ஆனால் பயப்படும் முன் ஒன்றைப் பாருங்கள். 6307-இல் இந்த வகைக்கு அமெரிக்க அடிப்படை வரி 7 சதவீதம். 4202-இல் மேற்புறம் பருத்தியாக இருந்தால் 6.3, பாலியஸ்டர் போன்ற செயற்கை இழையாக இருந்தால் 17.6. ஆக, கரூர்ப் பருத்திக்கு 4202 ஒன்றும் பூதம் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் லாபம்கூட. விலை குறைகிறதே என்று பாலியஸ்டருக்கு மாறினால்தான் அடி விழும். இதெல்லாம் அடிப்படை வரிதான், அதற்கு மேல் அவ்வப்போது ஏற்றுகிற கூடுதல் வரிகள் தனிக் கணக்கு.

கேள்வி: பனையோலைப் பெட்டி எந்தப் பிரிவு? துணி லைனிங் வைத்தால் மாறுமா? – ஒரு வாசகி, மணப்பாடு

பதில்: முடைந்த கூடை, பெட்டிகளுக்கு 4602. மூங்கிலுக்கும் பிரம்புக்கும் தனித்தனி உட்பிரிவு உண்டு, பனையோலை 'மற்ற தாவரப் பொருள்' என்பதற்குள் 4602.19-இல் போகும். லைனிங் வைத்தாலும் பெட்டியைப் பெட்டியாக்குவது ஓலைதானே, வழக்கமாக மாறாது.

கேள்வி: பிளாஸ்டிக் டிராயர் யூனிட், சுவரில் மாட்டும் ரேக், சமையலறை டப்பா மூன்றையும் ஒரே கன்டெய்னரில் இறக்குகிறேன். மூன்றும் பிளாஸ்டிக்தான். ஒரே கோடு போட்டு முடித்துவிடலாமா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: அய்யோ, வேண்டாம். டப்பா 3924, பிளாஸ்டிக் வீட்டுச் சாமான். டிராயர் யூனிட் தரையில் நிற்கிறதா? அப்படியானால் அது 9403, அதாவது ஃபர்னிச்சர். 94-ஆம் அத்தியாயத்தின் குறிப்பே தரையில் வைப்பதற்காகச் செய்ததுதான் ஃபர்னிச்சர் என்கிறது. அதே உருவத்தில் மேஜை மேல் வைக்கிற குட்டி டிராயர் என்றால் பழையபடி 3924-க்கு இறங்கிவிடும். பீரோ, புத்தக அலமாரி, பகுதி பகுதியாகச் சேர்த்துக் கட்டுகிற யூனிட் ஃபர்னிச்சர் போன்றவற்றுக்கு இதில் விதிவிலக்கு உண்டு, சுவரில் தொங்கினாலும் ஒன்றின் மேல் ஒன்று நின்றாலும் ஃபர்னிச்சர்தான்.

சுவர் ரேக்கில்தான் சுவாரஸ்யம். ஸ்டோர்வால் என்ற அமெரிக்கக் கம்பெனி கேரேஜ் சுவரில் பதிக்கும் பேனல்களை இறக்கியது. அதில் கூடை, தட்டு, கொக்கி எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். சுங்கத்துறை இவை வெறும் பிளாஸ்டிக் சாமான்கள் என்று 5.3 சதவீதம் கேட்டது. கீழ் நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. 2011-இல் ஃபெடரல் சர்க்யூட் அதைத் திருப்பிப் போட்டு, இஷ்டப்படி சேர்த்துக் கட்டுகிற யூனிட் ஃபர்னிச்சரைச் சேர்ந்தவை இவை என்றது. அமெரிக்காவில் அதற்கு அடிப்படை வரி பூஜ்யம்! அந்தத் தீர்ப்பு நம் சுங்கத்துறையைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அத்தியாயக் குறிப்பு இரண்டு நாட்டிலும் ஒன்றே, வாதத்துக்கு உதவும்.

கேள்வி: எவர்சில்வர் டிஃபன் கேரியரும் சூடு ஆறாத லஞ்ச் பாக்ஸும் ஒரே கோடா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சாதா கேரியர் 7323, இரும்பு எஃகு வீட்டுச் சாமான். இரட்டைச் சுவர் வைத்து நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்திருந்தால் அது ஃபிளாஸ்க் குடும்பம், 9617. அந்த வெற்றிடம்தான் கணக்கு, இரட்டைச் சுவர் மட்டும் இருந்தால் போதாது. சாப்பாடு கொண்டுபோகும் மெத்தென்ற இன்சுலேட்டட் பை என்றால் அது வேறு கதை. 1997-இல் எஸ்.ஜி.ஐ. என்ற கம்பெனி அப்படிப்பட்ட கூலர் பைக்கு 4202-இல் 20 சதவீதம் ஏன் என்று வழக்காடி, உணவுக்கானது என்ற காரணத்தால் 3924-இல் 3.4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அப்புறம் 2002-இல் வந்த எச்.எஸ். பதிப்பில் 4202-இன் வாசகத்திலேயே இந்தப் பைகளைப் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். வழக்கில் ஜெயித்த பொருளைச் சட்ட வாசகம் திரும்ப இழுத்துக்கொண்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அழகான டப்பாவில் டீத்தூள் வந்தால் டப்பாவுக்குத் தனி வரியா? – ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: சாதாரண தகர டப்பா என்றால் டீயோடு சேர்ந்து போய்விடும். வெள்ளி டப்பாவில் டீ வந்தால் அப்படிப் போகாது. எச்.எஸ். விளக்கக் குறிப்பிலேயே இந்த உதாரணம் இருக்கிறது, கூடவே அலங்காரப் பீங்கான் கிண்ணத்தில் மிட்டாயும்.

கேள்வி: சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு தகராறு வேண்டாம். முன்கூட்டியே கோடைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உண்டு. அமெரிக்கச் சுங்கத்துறை தான் கொடுத்த தீர்ப்புகளை கிராஸ் (CROSS) என்ற இணையதளத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. உங்கள் சாமான் போலவே ஒன்றை யாராவது ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள். இங்கே இறக்குமதி என்றால் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிற சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் சரக்கு வரும் முன்பே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் 'ஸ்டோரேஜ் பாக்ஸ்' என்று மட்டும் எழுதாதீர்கள். மேற்புறம் என்ன துணி, அட்டை எவ்வளவு எடை, மூடி உண்டா, தரையிலா தட்டிலா சுவரிலா என்று எழுதி, எல்லாப் பக்கமும் எடுத்த படங்களையும் வையுங்கள்.