தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

கேள்வி: 1994இல் குறைவில்லாமல் சீர் செய்து கட்டிக் கொடுத்த என் தங்கை, இத்தனை ஆண்டுகளாக வாய் திறக்காதவள், இந்தப் பொங்கலுக்கு வந்தபோது பாட்டன் காலத்துத் தோட்டத்தில் பங்கு கேட்டுவிட்டாள். இரவு 10 மணி வரை அவள் பார்க்கும் தொலைக்காட்சித் தொடர்கள்தாம் இதற்குக் காரணம் என்பது என் துணிபு. துணிச்சலான நாயகி என்ற பெயரில் குடும்பத்துக்குள் அதிகாரப் போட்டியைக் கிளப்பிவிடும் இத்தொடர்களைத் தடை செய்தால் என்ன?
(காங்கேயம் வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது தொலைக்காட்சிதான் என்றால், அதை அது மிகவும் தாமதமாகவும் அரைகுறையாகவும் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்பதே என் வருத்தம். தமிழ் வீடுகளின் இரவுச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிவைத்த ‘சித்தி’ தொடங்கியது 1999 டிசம்பரில். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டம் செய்ததோ அதற்கும் பத்து ஆண்டுகளுக்கு முன்னால், 1989இல். அவ்வாண்டு மார்ச் 25ஆம் தேதிக்கு முன் மணமாகிப் போனவர்களைத்தான் அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. 1994இல் மணமான உங்கள் தங்கை மணவறையில் அமர்ந்தபோதே உங்கள் பங்காளியாகத்தான் அமர்ந்திருந்தார். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. பங்காளி என்ற சொல்லை நம் பக்கத்தில் ஆண்களுக்கு மட்டுமே வழங்கிப் பழகிவிட்டோம்.

பின்னர் 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது; திருமணம் எப்போது நடந்தது என்ற வரம்பும் நீங்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய தேவை இல்லை என்பதையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. முன்பே முறைப்படி பாகம் பிரித்து முடித்த சொத்துக்கும், தந்தை தாமே சம்பாதித்து உயில் எழுதி வைத்த சொத்துக்கும் கணக்கு வேறு; பாட்டன் காலத்துத் தோட்டம் என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்தக் கிளைவழியில் நான் போகவில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் நிறைவேறியபோது அந்த இயக்கத்தின் தலைவராக இருந்தவர் ஈரோட்டுக்காரர். உங்கள் ஊரிலிருந்து ஈரோடு எவ்வளவு தொலைவு என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

குடும்பத்துக்குள் அதிகாரப் போட்டியைத் தொடர்கள் கொண்டுவந்து புகுத்தின என்பதையும் நான் ஏற்பதற்கில்லை. கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் கதையில், பங்காளிப் பகையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கூட்டுக் குடும்பம் நடந்த ஒவ்வொரு வீட்டிலும் நெல் அளக்கும் வள்ளம் யார் கையில், பெட்டிச் சாவி யார் இடுப்பில் என்ற வழக்கு இருந்துகொண்டேதான் இருந்தது. ஆண்கள் திண்ணையில் இருந்ததால் அது அவர்கள் காதுக்கு எட்டவில்லை. எட்டியபோது அதற்குப் பொம்பளைச் சண்டை என்று பெயரிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்கள்.

தொடர்களின் மீது எனக்கும் வழக்கு உண்டு. ஆனால் அது உங்கள் வழக்குக்கு நேர் எதிரானது. அவற்றின் நாயகிகள் போதிய துணிச்சல் இல்லாதவர்கள் என்பேன். வாரத்தில் ஐந்தாறு நாள் ஓடியாக வேண்டிய கதையில் நாயகி தீர்மானமாக வென்றுவிட்டால் மறுநாளைக்குக் கதை இல்லை. ஆகவே அவள் வெல்வதுபோல் தோன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சூழ்ச்சி வந்து சேர்கிறது. ஒரே வீட்டின் கூடத்திலும் மாடிப்படியிலும் படம்பிடித்தால் செலவும் குறைவு என்பதால் அவள் அந்த வீட்டைவிட்டு வெளியேறவும் முடிவதில்லை. இந்தியில் 2000 முதல் 2008 வரை ஓடிய ‘கியூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ தொடரின் துளசி, தவறு செய்த மகனைத் தன் கையாலேயே சுட்டுக் கொல்லும் அளவுக்கு உறுதி படைத்தவள். அவளும் அந்தப் பெரிய வீட்டின் கௌரவத்துக்குக் காவல் நின்றே காலத்தைக் கழித்தாள். ஆக, அங்கே வலிமை என்பது தாங்கிக்கொள்ளும் வலிமைதான். கொத்துச் சாவி மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்கு மாறுவதை வெற்றி என்கிறார்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பார் இல்லை.

விலக்குகள் இல்லாமல் இல்லை. 2003இல் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஓடிய ‘கோலங்கள்’ அபி, கட்டுமானத் தொழிலில் இறங்கி, கணக்கும் ஒப்பந்தமும் பேசி மோதியவள். அதே இயக்குநர் திருச்செல்வம் 2022இல் தந்த ‘எதிர்நீச்சல்’ இன்னும் ஒரு படி மேலே போனது. படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்துவைத்து வீட்டுத் தலைவன் ஆதி குணசேகரன் போட்ட கூச்சலை ஊரே பேசிக் காட்டியது. அந்த ஆளின் உறக்கத்தைக் கெடுத்ததோ மருமகள்களின் வசனத்தைக் காட்டிலும் வீட்டின் மூத்த கிழவி பட்டம்மாள் பெயரில் இருந்த 40 சதவீதப் பங்குதான். வீட்டுக்குள் நடக்கும் சண்டையின் ஆணிவேர் காகிதத்தில் இருக்கிறது என்பதை ஒரு கிழவியை வைத்து இவ்வளவு பளிச்சென்று காட்டிய தொடர் வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வேறு வேலையாக ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தேன். அண்ணன் ஒருவர் தம் இரு தங்கைகளைக் காரில் அழைத்து வந்திருந்தார், தங்கள் பங்கை அவர்கள் விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்துக்கு. இருவர் மேலும் மடிப்புக் கலையாத புதுச் சேலை. பத்திரம் எழுதுபவர் காகிதத்தை நீட்டியபோது மூத்தவர், “கண்ணாடி கொண்டாரலீங்க, என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்றீங்களா?” என்று கேட்டார். “எப்பவும் எழுதறதுதானுங்கம்மா” என்றார் அவர். அண்ணன் வாசலில் நின்று, மதியச் சாப்பாட்டுக்கு எந்த ஓட்டலுக்குப் போகலாம் என்று கைப்பேசியில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். மூத்தவர் மை பட்ட பெருவிரலைப் புதுச் சேலையில் பட்டுவிடாமல் விரித்துத் தூக்கிப் பிடித்தபடி, துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தார். தொடரில் இப்படி ஒரு கையெழுத்துக்குப் பேனா காகிதத்தைத் தொடுவதற்கே ஒரு வாரம் ஆகும்; மூன்று முறை இடி இடிக்கும்; கடைசி நொடியில் வாசலிலிருந்து யாராவது “நிறுத்துங்க!” என்பார்கள். இங்கே எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

சீரும் நகையும் போட்டதைக் கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்றை இடம் கருதிக் குறைத்திருக்கிறேன், பொறுத்தருளுங்கள். கல்யாணத்துக்குச் செய்த சீர் தோட்டத்துப் பங்குக்கு ஈடாகிவிடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை இணைச்சீர்க்காரி என்று கூறைச் சேலை உடுத்தி முன்னால் நிறுத்துகிறோம். உங்கள் கல்யாணத்தில் அப்படி நின்றவரும் ஒருவேளை இந்தத் தங்கைதானோ?

தடை கேட்டிருக்கிறீர்கள். தொடர்களைத் தடை செய்தாலும் 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு விளம்பர இடைவேளைகூடக் கிடையாது. அது இருக்கட்டும். தோட்டம் எத்தனை ஏக்கர், பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை. தங்கை பங்கு கேட்டார் என்று எழுதிய நீங்கள், அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அந்தப் பதிலையாவது எழுதுங்கள். ஒரு சொல்லும் குறைக்காமல் வெளியிடுகிறேன்.