வேலையை உடனே விட வேண்டுமா?

சகோதரருக்கு ஸ்தோத்திரம். முழுநேர ஊழியத்துக்கு வர இந்த மாதமே வங்கி வேலையை ராஜினாமா செய்யச் சொல்கிறார் போதகர், வீட்டுக் கடன் பாக்கி, மனைவி அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தாமதித்தால் கீழ்ப்படியாமை ஆகிவிடுமோ என்ற பயம்தானே உங்களை உலுக்குகிறது?

வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரைப் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். மருத்துவரான அவருடைய அப்பாவை, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அழைப்பு அன்றே வந்துவிட்டது. ஆனால் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல்தான் வேலூரில் ஒரே கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். நடுவில் போன வருடங்களைக் கீழ்ப்படியாமை என்று யார் சொல்வார்?

பவுலும் கொரிந்துவில் கூடாரம் செய்துகொண்டேதான் பிரசங்கித்தார் (அப்போஸ்தலர் 18:3).

முதலில் கடனை அடையுங்கள். அதுவரை ஞாயிறும் விடுமுறை நாட்களும் ஊழியத்துக்குப் போதும். மனைவியைத் தடை என்று நினைக்காதீர்கள். அவரோடு சேர்ந்து ஜெபியுங்கள். அப்புறம், போதகரிடம் நேராகக் கேளுங்கள்: முதல் வருடம் சபை மாதம் எவ்வளவு தரும்? மழுப்பினால் ராஜினாமா கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.