மாடித் தோட்டத்துக்கு ஆட்டுப்புழுக்கை, மாட்டுச்சாணம், கோழி எரு: எது நல்லது? பச்சையாகவே போடலாமா? வீட்டு நாயின் கழிவு ஆகுமா?

எந்த விலங்கின் எரு என்பதைவிட, அது மக்கியதா இல்லையா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பச்சைச் சாணம் தொட்டிக்குள்ளேயே நொதித்துச் சூடாகும், அம்மோனியா கிளம்பும், இளவேர் கருகும். வயலில் பரவலாக இறைத்து உழுதுவிட்டு, மழைக்குப் பிறகு விதைக்கிறவர்களுக்கு அதனால் பெரிய சேதமில்லை. பன்னிரண்டு அங்குலப் பையில் வேர் எங்கே ஓடி ஒதுங்கும்?

"ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்" பலன் தரும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. தொழு உரத்தில், அதாவது தொழுவக் குப்பையோடு மக்கிய மாட்டெருவில், தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம் அளவில்தான் இருக்கும். ஆட்டெருவில் ஏறத்தாழ 3 சதவீதம். ஆனால் ஆட்டு மந்தையை இரவில் அடைத்துக் கிடை போட்ட வயலில் ஆட்டின் மூத்திரமும் சேர்ந்து இறங்குகிறது, குளம்பு மிதித்துப் புழுக்கையை நொறுக்குகிறது. நாம் சாக்கில் வாங்கிவரும் புழுக்கைக்கு அந்த இரண்டும் இல்லை. கல்லாகக் காய்ந்து, மாதக்கணக்கில் செடியடியில் உருண்டு கிடக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே பச்சை கலந்த பழுப்பில் நார் நாராகத் தெரிந்தால் இன்னும் மக்கவில்லை. மக்கியது விரலிடுக்கில் தூளாகும். ஆட்டு வாடை போய் மண் வாசனை வரும்.

நான் புழுக்கையை இடித்து, அடியில் துளையிட்ட பழைய டிரம்மில் சருகோடு அடுக்கடுக்காகப் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைப்பேன். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் தயாராகிவிடும். மழையில் மட்டும் விடாதீர்கள், சத்தெல்லாம் கரைந்து தரையோடு போய்விடும்.

மாட்டெருவைச் சலிக்காமல் போடக் கூடாது. தடித்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். எருக்குழியில் முட்டையிடும் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம், செடியின் வேரைத் தின்னும் வேர்ப்புழுவாகவும் இருக்கலாம். எதுவென்று ஆராய்ந்துகொண்டிராமல் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.

கோழி எரு மூன்றிலும் வீரியமானது. மக்கிய பிறகும் பைக்கு ஒரு கைப்பிடி போதும். கூடினால் தக்காளியும் கத்தரியும் இலையாகத் தழைக்குமே தவிர, காய் பிடிக்காது. கீரைக்கு அது தோது.

கீரை என்றதும் ஒன்று. பச்சை எருவில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். பச்சை எரு இட்டால், மண்ணில் படும் விளைபொருளை 120 நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்பது அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதி. நாமோ கொத்தமல்லியை நாற்பது நாளில் கிள்ளிச் சட்னிக்குப் போடுகிறோம். ஆகவே கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக்கெல்லாம் நன்றாக மக்கிய எரு மட்டும்தான்.

நாயின் கழிவு வேண்டவே வேண்டாம், பூனையுடையதும் அப்படியே. அதில் இருக்கக்கூடிய உருளைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வீட்டு டிரம்மில் உண்டாகும் சூடு அவற்றைக் கொல்லும் என்று நம்ப முடியாது.