ஜீப், ஜிப்லைன், அருவி: காட்டுக்குக் கிளம்பும் முன் கேள்வி பதில்

ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் இருபது வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். சில வருஷம் ஜிப்லைனில், அதாவது கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போகும் விளையாட்டில், பெல்ட் மாட்டிவிடும் வேலையும் பார்த்தேன். ஜீப், ஜிப்லைன், அருவிக் குளியல் மூன்றையும் ஒரே நாளில் வைத்துக் கிளம்புகிறவர்கள் கேளுங்கள்.

காட்பாடி: அண்ணா, ஃபோர் வீல் ஜீப் புதுசா வாங்கியிருக்கேன். மண் பாதையில முதல் தடவை. என்ன பார்க்கணும்?

முதலில் அந்தப் பாதையில் போக அனுமதி உண்டா என்று பாருங்கள் தம்பி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி ஏற்றினால் 1882 வனச் சட்டப்படி வழக்கு. நம்ம பக்கம் சந்தனக் காடு. செக்போஸ்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

மண் பாதை தொடங்கும் இடத்தில் டயர் காற்றை 20, 22 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டயர் தரையில் அகலமாகப் படியும், பிடிமானம் கூடும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கக் கூடாது. அதற்காக வண்டியில் ஒரு காற்றடிக்கும் பம்ப் வேண்டும். இறக்கத்தில் ஃபோர் வீலை லோவில் (4L) போட்டு, முதல் கியரில் இஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். கிளட்சில் கால் இருக்கவே கூடாது. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல்கள் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும், உள்ளே இருக்கும் விரல் உடையும். ஓடையைக் கடக்கும் முன் ஒருவர் குச்சியோடு நடந்து ஆழம் பார்க்க வேண்டும்.

ராணிப்பேட்டை: ஜீன்ஸ் போடலாமா?

ஜீப்பில் போடலாம். தண்ணீரில் கூடாது, நனைந்தால் காலை இழுக்கும்.

ஆம்பூர்: பொண்ணுக்கு எட்டு வயசு. ஜிப்லைன்ல அனுப்பலாமா அண்ணா?

வயதைவிட எடைதான் முக்கியம் அம்மா. எடை குறைந்த குழந்தை மறுமுனை வரை போகாமல் கம்பியின் நடுவில் நின்றுவிடும். பிறகு ஒருவர் போய் இழுத்து வர வேண்டும். குறைந்தபட்ச எடை எவ்வளவு, பெரியவரோடு சேர்த்து அனுப்புவார்களா என்று அங்கேயே கேளுங்கள். பெல்ட் இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக இருக்க வேண்டும். கொக்கியின் பூட்டு திருகியிருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி வேண்டாம், தலைமுடியைப் பின்னிக் கட்டுங்கள். கம்பியில் உருளும் கப்பிக்கு முன்னால் கை வைக்கவே கூடாது என்று குழந்தைக்கு நாலு தடவை சொல்லுங்கள்.

குடியாத்தம்: நான் அறுபதடி கிணத்துல மேலருந்து குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டவன். பீமன்மடவு அருவி எனக்கு ஒரு விஷயமா?

விஷயம்தான் சார். கிணற்றுத் தண்ணீர் நின்ற தண்ணீர். படி எங்கே, மோட்டார் பைப் எங்கே என்று உங்களுக்கு அத்துப்படி. அருவி மடுவில் போன மழைக்கு உருண்டு வந்த பாறை எங்கே கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. தலைகீழாகக் குதிக்கவே குதிக்காதீர்கள்.

வாணியம்பாடி: குடியாத்தம் சார் சொல்றதுதான் சரி. கிணத்து நீச்சல்காரனை எந்தத் தண்ணியும் ஒண்ணும் பண்ணாது.

பண்ணும். அருவி விழும் இடத்தில் வெள்ளையாக நுரைக்கிறதே, அதில் பாதி காற்று. அந்தத் தண்ணீர் உடம்பைத் தூக்கிப் பிடிக்காது, கை வீசினாலும் உந்துவதற்குப் பிடிப்பு கிடைக்காது. விழும் தண்ணீர் அடியில் சுழன்று ஆளை மறுபடி அருவிக்கே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் இப்படி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் யாரும் இறங்கவில்லை. ஜீப் இழுக்கும் கயிற்றை வீசினோம், மூன்றாவது வீச்சில் பிடித்தான். இறங்கியிருந்தால் இரண்டு பேரைத் தேடியிருப்போம்.

ஆற்காடு: என்ன டிரஸ் போடணும்? ஜீன்ஸ் ஓகேவா?

ராணிப்பேட்டைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திருப்பத்தூர்: மே மாசம் லீவுல வரலாமா?

காடு காய்ந்து கிடக்கும், ஜலகாம்பாறை அருவியில் தண்ணீர் இருப்பதே சந்தேகம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியுமா? ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகு வாருங்கள். அப்போதும் மேலே மலையில் இடி கேட்டாலோ, தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கினாலோ, சருகு அடித்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி.

வேலூர்: பாம்பு கடிச்சா என்ன செய்யணும்?

கட்டு போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைதான் ஒரே வழி.

அரக்கோணம்: ரூம் வாடகை எவ்வளவு? ஜீன்ஸ் போட்டு ஜிப்லைன் போலாமா?

வாடகையை அந்தந்த விடுதியில் கேளுங்கள். ஜிப்லைனுக்குப் போடலாம். தண்ணீரில் கூடாது, கூடாது. இதற்கு மேல் ஜீன்ஸ் கேள்வி வேண்டாம்.

குடியாத்தம்: அப்போ கிணத்து நீச்சலுக்கு மதிப்பே இல்லையா? முதுகுல கேன் கட்டிக் கத்துக்கிட்ட பிள்ளைங்க நாங்க.

அந்தக் கேனை எடுத்து வாருங்கள் சார். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேன், அதன் கைப்பிடியில் ஐம்பது அடி கயிறு. வீசும்போது தூரம் போக உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் குளிக்கும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்க உங்களைப் போல் தண்ணீர் தெரிந்த ஆள்தான் வேண்டும். முதல் அரை மணி நீங்கள், அடுத்த அரை மணி வாணியம்பாடிக்காரர்.