கண்ணாடித் தரைக்குக் கீழே ஒரு தெரு

கேள்வி: ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்துவந்த என் மகள், அங்கே கண்ணாடித் தரைக்குக் கீழே பழைய ஊரே கிடக்கிறது என்கிறாள். தோண்டிய இடத்தை மண்ணிட்டு மூடிவிட்டு, கட்டடத்தை வேறிடத்தில் எழுப்பியிருக்கக் கூடாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தங்கள் ஆதங்கம் நியாயமானது. இதே கேள்வியை எழுப்பி அந்நகரத்தவர் சிலர் நீதிமன்றம் வரை சென்றனர்.

மக்ரியான்னி எனப்படும் அந்த மனை, அக்ரோபோலிஸ் குன்றின் மேலுள்ள பழங்காலப் பார்த்தினான் கோயிலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவில், குன்றின் தெற்கு அடிவாரத்தில் உள்ளது. 1989இல் அறிவித்த போட்டியில் ஒரு வடிவமைப்பு தேர்வாகியிருந்தும், தோண்டத் தோண்ட வீடுகளும் தெருக்களும் பட்டறைகளும் அடுக்கடுக்காக வெளிப்பட்டதால் அது கைவிடப்பட்டது. 2000இல் நடந்த அடுத்த போட்டியில், கீழே இருப்பதைக் காப்பதே முதல் நிபந்தனையாயிற்று. தேர்வான கட்டடக் கலைஞர் பெர்னார்டு சூமியின் கட்டடம் நூற்றுக்கும் மேற்பட்ட கான்கிரீட் தூண்களின்மேல் நிற்கிறது. எந்தச் சுவரையும் கிணற்றையும் துளைக்காமல் ஒவ்வொரு தூணுக்கும் இடம் தேடவேண்டியிருந்தது. இடம் மாறாத கட்டடம் தன் உருவத்தை மாற்றிக்கொண்டது. நான் மதிப்பது இதைத்தான்.

மண்ணிட்டு மூடுவதும் நல்ல முறையே; வெயிலும் மழையும் படாமல் சுவர்களைக் காக்கப் பல இடங்களில் அதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆனால் பார்த்தினானின் சிற்பங்களையும் அவை இருந்த கோயிலையும் பார்வையாளர் ஒரே நேரத்தில் காணவேண்டும் என்று கருதியவர்களுக்கு அடிவாரத்தை விட்டு விலக மனமில்லை.

இழப்பே நேரவில்லை என்று சொல்லமாட்டேன். மேலடுக்கை அகற்றாமல் கீழடுக்கைக் காண முடியாது; அகற்றியதைத் திரும்ப அடுக்கவும் முடியாது. பழைய கிணறு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் அடியில், நீர் இறைக்கும்போது கயிறு நழுவி விழுந்த குடங்கள் பெரும்பாலும் முழுதாகக் கிடைக்கும். அவற்றுக்கு மேலே, கிணறு கைவிடப்பட்ட பின் அக்கம்பக்கத்தார் கொட்டிய உடைந்த பானைகளும் எலும்புகளும் இருக்கும். எது எதன்மேல் கிடந்தது என்று அன்றைக்கே எழுதி, அளந்து, படமெடுக்காவிட்டால், மிஞ்சுவது காலம் தெரியாத பானை ஓடுகளின் குவியல்தான். கட்டுமானத் தேதி நெருங்கும்போது அகழாய்வாளரை அவசரப்படுத்தக் கூடாது என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

அருங்காட்சியகம் 2009 ஜூனில் திறக்கப்பட்டது. முதல் பத்தாண்டுகள் அகழாய்வுப் பகுதியை மேலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. 2019 முதல் பார்வையாளர் கீழே இறங்கி, பாதைகளில் நடந்தே பார்க்கலாம். தங்கள் மகள் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்திருந்தால், அடுத்தமுறை கீழேயும் இறங்கி, வீட்டுச் சுவர்களை ஒட்டியுள்ள அந்தக் கிணறுகளை அருகில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.